எலுமிச்சையில் தொடங்கி மரத்தில் முடியும் சென்ட்: வாங்கும் முன் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சியில் குளிரூட்டப்பட்ட ஒரு கடைக்குள் நின்று, விற்பனைப் பெண் நீட்டிய அட்டைத் துண்டை முகர்ந்த கையோடு 100 மில்லி பாட்டிலுக்குப் பணம் கட்டியவன் நான். சாத்துக்குடித் தோலை நகத்தால் கீறியதும் விரலில் தெறிக்குமே, அந்த மணம். கும்பகோணம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து, மணிக்கட்டில் இரண்டு தடவை அடித்துக்கொண்டேன். வண்டி தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்துக்குள் திரும்பியபோது சாத்துக்குடி போய், அது இருந்த இடத்தில் காய்ந்த மரத்தூள் மணம் மட்டும் இருந்தது. அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் அது தலைவலியாகவும் ஆகிவிட்டது. பாட்டிலிலும் குறையில்லை, கடையிலும் குறையில்லை. நான் முகர்ந்தது அந்தச் சென்ட்டின் முதல் பத்து நிமிடத்தை. காசு கொடுத்து வாங்கியதோ மீதி ஆறு மணி நேரத்தை.

ஆண், பெண் இருபாலரும் பூசிக்கொள்ளும் வகையில், சிட்ரஸ் எனப்படும் எலுமிச்சை, ஆரஞ்சு இன மணத்தில் தொடங்கி மர மணத்தில் முடியும் சென்ட்களை, காவிரிப் படுகையின் வெயிலிலும் புழுக்கத்திலும் வைத்து எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

இந்த வகை உடலில் எப்படி நடந்துகொள்கிறது

எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்றவற்றின் தோல் எண்ணெயில் மிகுதியாக இருக்கும் பொருள் லிமோனீன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் அது தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். பத்துக் கார்பன் அணுக்களே கொண்ட சிறிய மூலக்கூறு ஆதலால், தோலின் சூடு பட்டதும் பறந்துவிடுகிறது. சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான சான்டலாலும், வெட்டிவேரின் மணப்பொருள்களும் பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட கனமான மூலக்கூறுகள். அவை எழுந்து வரவே நேரமாகும், வந்தால் இருந்துவிடும். மேல்மணம், நடுமணம், அடிமணம் என்று சென்ட் தொழிலில் சொல்லும் மூன்று அடுக்குகளும் இப்படி ஆவியாகும் வேகத்தை வைத்து ஏற்பட்டவைதாம். பூவும் பழமும் மிகுந்த மற்ற சென்ட்களில் நடு அடுக்கு தடிமனாக இருப்பதால் மாற்றம் மெல்ல நிகழும். சிட்ரஸும் மரமும் சேர்ந்த வகையில் நடு அடுக்குப் பெரும்பாலும் மெலிது. ஆகவே மாடிப்படியில் இரண்டு படியைச் சேர்த்துத் தாண்டியதைப் போல, எலுமிச்சையிலிருந்து நேராக மரத்தில் இறங்குகிறோம். கோடையில் கடைத்தெருவில் நிற்கிறவருக்கு இந்த இறக்கம் இன்னும் விரைவாக வந்துவிடும்.

பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் வகைப்பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓ டி கொலோன் என்றால் மணப்பொருள் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு, ஓ டி டாய்லெட் என்றால் 5 முதல் 15, ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20 என்று பொதுவாகச் சொல்வார்கள். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். இவை வழக்கத்தில் வந்த அளவுகளே தவிர, எல்லா நிறுவனமும் ஒரே கணக்கைப் பின்பற்றுவதில்லை. ஓ டி பர்ஃபம் கூடுதல் நேரம் நிற்கும் என்பது பெரும்பாலும் உண்மைதான் என்றாலும், நிற்பது அதன் மரப்பகுதி. எலுமிச்சை நெடுநேரம் இருக்கும் என்று நம்பி அதிக விலை கொடுப்பவர் ஏமாந்துபோவார். எலுமிச்சைதான் வேண்டும் என்பவர், மலிவான கொலோன் ஒன்றை வாங்கி இரண்டு மணிக்கு ஒருதரம் அடித்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

இருபாலர் சென்ட் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்குப் புதிதன்று. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709-இல் தொடங்கிய ஃபரீனா நிறுவனத்தின் சிட்ரஸ் நீரை ஆண்களும் பெண்களும் பூசினார்கள். 1994-இல் வந்த சி.கே. ஒன் என்ற சென்ட், இருவருக்கும் ஒரே பாட்டில் என்பதை விளம்பரமாகவே ஆக்கியது. நம் கல்யாண வீடுகளிலோ வாசலில் தெளிக்கும் பன்னீரும் கிண்ணத்தில் கரைத்த சந்தனமும் எவருக்கும் ஒன்றே. ஆண் சென்ட், பெண் சென்ட் என்ற பிரிவு கடை அலமாரியில் இருப்பது. சோதிக்கும்போது அதை மறந்துவிடலாம்.

கடைக்குப் போகும் முன், வீட்டில் மூக்கைப் பழக்குதல்

பெட்டியின் பின்புறம் பெர்கமாட், பெட்டிட்கிரெய்ன், வெட்டிவர், சீடர் என்று எழுதியிருப்பதைப் படித்தால் எல்லாம் வெளிநாட்டுச் சரக்காகத் தோன்றும். அவற்றில் பாதிக்கு நிகரானவை நம் அடுக்களையிலேயே உள்ளன. ஒரு மாலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். கட்டுரையின் மற்ற எந்தப் பகுதியைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

எலுமிச்சம்பழத் தோலையும் நாரத்தங்காய்த் தோலையும் தனித்தனியே கீறி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை கூர்மையாக மேலே எழும். நாரத்தையில் ஒரு கசப்பும் பச்சை வாடையும் அடியில் இருக்கும். பிறகு நாரத்தை இலை ஒன்றை நடு நரம்போடு கிழித்து முகருங்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கிற வீட்டில் பிறந்தவருக்கு இந்த மணத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பெயரில்தான் வேப்பிலை, உரலுக்குள் போவது நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும், ஓமமும் மிளகாயும் புளியும். கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையையும் இளங்குச்சியையும் வடித்தெடுக்கும் எண்ணெய்க்குத்தான் பெட்டிட்கிரெய்ன் என்று பெயர். வேப்பிலைக்கட்டியின் மேல்வாடையிலிருந்து காரத்தையும் புளியையும் கழித்துவிட்டால் எஞ்சுவது அதற்கு மிக நெருக்கமான ஒன்று. பெர்கமாட் மட்டும் இங்கே கிடைக்காது. அது இத்தாலியின் தெற்கே கலாபிரியாவில் விளைவது. ஏர்ல் கிரே தேயிலைப் பை ஒன்றை வாங்கி முகர்ந்தால் அந்த மணம் பிடிபட்டுவிடும்.

அடுத்து மரம். வெட்டிவர் என்று பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சொல்வது நம் வெட்டிவேர் என்ற சொல்லையேதான். கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர்க் கடலோர மணற்பாங்கில் அது பயிராகிறது. நாட்டு மருந்துக் கடையில் கைப்பிடியளவு வாங்கிக்கொள்ளலாம். காய்ந்த வேரை ஒருமுறையும், பானைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறிய வேரை ஒருமுறையும் முகர்ந்து பாருங்கள். காய்ந்தபோது வைக்கோலும் மரத்தூளுமாக இருப்பது, நனைந்ததும் மழை விழுந்த வாய்க்கால் கரையாக மாறும். மழைக்காலத்தில் சென்ட்டின் அடிமணம் வேறுவிதமாகத் தெரிவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால், இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருப்பது பின்னால் உதவும். சந்தனக் கட்டை இருந்தால் கல்லில் நாலு சுற்று இழைத்துப் புறங்கையில் தடவிக்கொள்ளுங்கள். பால் போன்ற, வழவழப்பான மணம் அது. சீடர் அதற்கு நேர் எதிர், சீவிய பென்சிலைப் போல வறண்டது.

நாகூர் தர்காவைச் சுற்றியுள்ள கடைகளில் அத்தர் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த அடிமணங்கள் முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அத்தர் எண்ணெயில் கலந்தது, ஆல்கஹால் இல்லாதது. அது எழும் வேகமே வேறாதலால், அத்தரைச் சோதித்த பழக்கத்தை ஸ்பிரே சென்ட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

சோதனை நாள்

அன்று காலை மணமில்லாத சோப்பில் குளிக்க வேண்டும். சந்தன சோப்பில் குளித்துவிட்டுச் சந்தன அடிமணத்தைச் சோதித்தால் எது சோப்பு, எது சென்ட் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பவுடர், ஜவ்வாது, தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். சளி பிடித்திருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். நெல் அவிக்கும் ஆலைக்குப் பக்கத்தில் வீடு என்றால், அவியல் நாளில் எந்தச் சென்ட்டும் தோற்றுப்போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் முதல் வேலை அட்டையில் முகர்வது. ஒரே சமயத்தில் மூன்று அட்டைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். அடித்த உடனே மூக்கருகே கொண்டுபோனால் ஏறுவது ஆல்கஹால் மட்டுமே. அரை நிமிடமாவது காற்றில் ஆட்டிவிட்டு முகருங்கள். அட்டையின் பயன் வேண்டாததைக் கழித்துக்கட்டுவது வரைதான். தோலின் சூடும் வியர்வையும் அதில் இல்லை.

நடுவே காபிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டி, முகர்ந்தால் மூக்குத் தெளியும் என்பார்கள். கும்பகோணத்துக்காரனான நான் காபியைக் குறைத்துப் பேசக் கூடாதுதான். ஆனாலும் சோர்ந்த மூக்குக்கு இன்னொரு கடுமையான மணம் வைத்தியம் ஆகாது. சென்ட் படாத உங்கள் சட்டைக் கையையோ முழங்கை மடிப்பையோ நாலு மூச்சு முகர்ந்தால் போதும். அதைவிட நல்லது, வெளியே போய் ஐந்து நிமிடம் நிற்பது.

கழித்தது போக மிஞ்சியதை இடது முன்கையில் ஒரே ஒரு தடவை, நான்கைந்து விரல் தூரத்திலிருந்து அடித்துக்கொள்ளுங்கள். இரண்டு சென்ட்களை ஒப்பிட வேண்டுமானால் மற்றதை வலது முன்கையில் அடியுங்கள். மூன்றாவது வேண்டாம். இரு மணிக்கட்டுகளையும் தேய்த்துக்கொள்ளும் பழக்கத்தை இன்று ஒருநாளாவது விட்டுவிட வேண்டும். தேய்த்தால் மூலக்கூறு நசுங்கிவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. தேய்க்கும் சூட்டில் மேல்மணம் சீக்கிரம் பறப்பதும், தோலின் சொந்த வாடை அதோடு கலப்பதுமே நட்டம்.

இனி முக்கியமான படி: பணம் கொடுக்காமல் கடையை விட்டு வெளியேறுங்கள். குளிரூட்டிய அறையில் எலுமிச்சை நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயிலில், மகாமகக் குளத்தின் நான்கு கரையையும் ஒருமுறை சுற்றி வருவதற்குள் நிலைமை தெரிந்துவிடும். நான் கையகலத் தாள் ஒன்றில் நேரம் குறிக்கிறேன். அடித்த பத்தாம் நிமிடம், அரைமணி, ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. நல்லது, சுமார் என்று எழுதினால் பயனில்லை. எதைப் போல இருக்கிறது என்று எழுத வேண்டும். என் பழைய தாள் ஒன்றில் இப்படி இருக்கிறது: "10 நிமிடம், நாரத்தை இலை. 30, இலை வாடிவிட்டது, மிளகு. 1 மணி, ஈர வெட்டிவேர். 3 மணி, ஒன்றுமில்லை. 6 மணி, சட்டையைக் கழற்றும்போது மறுபடி மரம்."

மூன்றாம் மணி நேரத்து ஏமாற்றம்

அந்த "ஒன்றுமில்லை" என்ற வரி தவறானது என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் மணி நேரத்தில் சென்ட் போய்விட்டது என்று எண்ணி, இன்னும் இரண்டு தடவை அடிக்கலாமா என்று தாழ்வாரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து வந்த அத்தை தூணோரம் நின்று, "என்னப்பா, புதுசா பீரோ வாங்கியிருக்கியா? மரவாசனை தூக்குதே" என்றார். நான்கு முழ தூரத்தில் நின்றவருக்குத் தெரிந்தது, பூசியிருந்த எனக்குத் தெரியவில்லை.

இதற்குக் காரணங்கள் இரண்டு. தொடர்ந்து வரும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. சொந்த வீட்டின் வாடை நமக்குத் தெரியாமலிருப்பதும் இதனால்தான். அதோடு, இன்றைய மர வகைச் சென்ட்களில் இயற்கைச் சந்தனமோ சீடரோ இருப்பதைவிட, ஐசோ ஈ சூப்பர், ஆம்ப்ராக்சன் போன்ற செயற்கை மணப்பொருள்களே மிகுதியாக இருக்கும். ஐசோ ஈ சூப்பர் சிலருக்கு நன்றாகத் தெரியும், சிலருக்கு விட்டுவிட்டுத் தெரியும், சிலருக்கு அறவே தெரியாது. ஆகவே சோதனைக்கு இரண்டாவது மூக்கு ஒன்று கட்டாயம் தேவை. அவரிடம் என்ன சென்ட் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நன்றாக இருக்கிறதா என்றும் கேட்காதீர்கள். என்ன வாசனை வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்ற இரண்டு கேள்விகள் போதும். மூக்கு பழகிவிட்டதை உணராமல் மேலும் மேலும் அடித்துக்கொண்டு மயிலாடுதுறைப் பேருந்தில் ஏறுகிறவரின் பக்கத்து இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் இந்தப் படியின் அருமை விளங்கும்.

இருவர் கையில் ஒரே பாட்டில்

வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் இருவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் மணம் கூடுதல் நேரம் தங்கும்; வறண்ட தோலில் சீக்கிரம் போய்விடும். கைக்குத் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கமுள்ள என் மனைவிக்கு ஒரு மணி நேரமானாலும் ஆரஞ்சின் ஓரம் எஞ்சியிருக்கும். அதே சென்ட் எனக்கு இருபதாவது நிமிடமே வெட்டிவேராகிவிடுகிறது. அவருக்கு அது பழச் சென்ட், எனக்கு மரச் சென்ட். வறண்ட தோல்காரர், மணமில்லாத எண்ணெய் ஒரு துளியைத் தடவிவிட்டு அதன்மேல் அடித்துப் பார்க்கலாம். இருவரில் ஒருவருக்கு ஆறாம் மணி நேரத்து மரம் பிடிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் பிடிக்காமற்போனால் பொறுத்துக்கொள்ளலாம். அது எப்படியும் போய்விடும்.

மூன்று தட்பவெப்பத்தில் மூன்று நாள்

ஒருநாள் சோதனை இந்த மண்ணுக்குப் போதாது. 2 மில்லி மாதிரிப் புட்டி கிடைத்தால் ஏறத்தாழ இருபது தடவை அடிக்கலாம். மூன்று முழு நாள்களுக்கு அது தாராளம். ஒருநாள் கத்திரி வெயிலில், ஒருநாள் ஐப்பசி அடைமழையில், ஒருநாள் குளிரூட்டிய அலுவலகத்தில் அல்லது மார்கழிக் காலையில் பூசிப் பாருங்கள். வெயிலில் எலுமிச்சை குறுகும். வியர்வையோடு சேரும்போது சில செயற்கை மரப்பொருள்கள் உலோகத்தைப் போலக் கூர்மையாக எழும். என் பேருந்துத் தலைவலி அந்த வகை. அடைமழையில் ஈரக்காற்று மணத்தைத் தூக்கிக் கொடுக்கும். வெயிலில் இரண்டு தடவை தேவைப்பட்டது மழையில் ஒன்றே மிகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தவருக்கு ஆண்டின் பெரும்பகுதி இந்த ஈரக்கணக்குப் பொருந்தும். திருச்சிப் பக்கத்து வறட்டு வெயிலுக்கு வேறு கணக்கு. ஆறு மாதம் காத்திருக்க முடியாதவர், மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் ஒருமுறையும் இரவு குளித்தபின் ஒருமுறையும் சோதித்து ஓரளவு ஊகிக்கலாம்.

தோல், துணி, விளக்கு

முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு தடவை அடித்து, ஒன்று முதல் இரண்டு நாள் வரை சிவப்போ அரிப்போ வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கழுத்துக்குப் போங்கள். ஐரோப்பியச் சந்தைக்கான பெட்டிகளில் லிமோனீன், லினலூல், சிட்ரல், கூமரின் போன்ற பெயர்களைத் தனியே அச்சிட்டிருப்பது, சிலருக்கு அவை ஒவ்வாமை தருபவை என்பதால்தான். முன்பு எந்தச் சென்ட்டாவது ஒத்துக்கொள்ளாமற்போயிருந்தால் அந்தப் பெட்டியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பெர்கமாட், எலுமிச்சை ஆகியவற்றைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் உள்ள சில பொருள்கள், வெயில் பட்டால் தோலைக் கன்றவைத்துக் கறுக்கச் செய்யும். பெயர்பெற்ற சென்ட்களில் இவற்றை நீக்கியோ அளவைக் கட்டுப்படுத்தியோதான் சேர்க்கிறார்கள். ஆயினும் நடுப்பகலில் வயலுக்கோ கடைத்தெருவுக்கோ போகிறவர், துணி மூடும் இடத்தில் அடித்துக்கொள்வது நல்லது. வீட்டிலேயே எலுமிச்சை எண்ணெய் கலந்து சென்ட் செய்ய முயல்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

துணியில் வியர்வையும் உடற்சூடும் இல்லாததால் மணம் நீடிக்கும். வெள்ளை வேட்டியில் மஞ்சள் புள்ளி விழுமா என்பதை மடிப்பின் உள்ஓரத்தில் அடித்து, காயவிட்டுப் பாருங்கள். பட்டில் வேண்டவே வேண்டாம்; அங்கவஸ்திரம் ஒன்றை இப்படி இழந்திருக்கிறேன். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், ஏற்றிய குத்துவிளக்கின் அருகிலும் அடுப்பருகிலும் ஸ்பிரே அடிப்பது கூடாது. விசேஷ நாளில் அவசர அவசரமாகப் பூஜை அறைக்குள் நின்று அடித்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

வாங்குவதும் வைப்பதும்

மூன்று நாள் தாளிலும் மரப்பகுதிக்கு எதிராக ஒரு வரிகூட இல்லை என்றால் வாங்கலாம். கிடைக்கிற சிறிய அளவை வாங்குங்கள். பாட்டிலின் அடியிலும் பெட்டியிலும் உள்ள தொகுப்பு எண் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் முறையாக விற்கும் பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அளவு, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை ஆகியவை இருக்கும். இவை இல்லாமல் பாதி விலைக்கு வருவதில் எலுமிச்சை மட்டும் உண்மையாக இருக்கக்கூடும். லிமோனீன் மலிவான பொருள், அடியில் வைக்கும் நல்ல மரமே விலை கூடியது.

இந்த வகையில் முதலில் கெடுவதும் எலுமிச்சையே. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு லிமோனீன் கெட்டுப்போகும்போது, பெயின்ட் கடை டர்பன்டைனின் சாயல் வரும். கண்ணாடி மேசையிலோ, ஓட்டு வெயில் இறங்கும் மாடியறையிலோ, காரின் முன்பலகையிலோ வைக்காமல், பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். பாட்டில் பாதிக்குக் கீழே போய்விட்டால் உள்ளே காற்று மிகும். அதற்குப் பிறகு சேமித்து வைப்பதில் பொருளில்லை, பூசித் தீர்த்துவிடலாம்.

திருச்சியில் வாங்கிய அந்த 100 மில்லியில் இன்னும் கால்பங்கு இருக்கிறது. அதன் சாத்துக்குடி செத்து ஓராண்டு ஆகிவிட்டது. மரம் மட்டும் நன்றாக இருக்கிறது. பழைய பருத்தித் துண்டு ஒன்றில் மாதம் ஒருமுறை அடித்து, காய்ந்ததும் வெட்டிவேர் முடிச்சோடு சேர்த்து வேட்டித் தட்டில் வைத்திருக்கிறேன். அத்தைக்கு அது இன்றும் புதுப் பீரோதான்.